வீட்டு ஸ்டுடியோவில் பாடகர் குழுப் பதிவு: காதில் படும் குறையிலிருந்து காரணத்தைப் பிடிப்பது

பாடகர் குழுவைப் பதிவு செய்யப் பெரிய செலவு தேவையில்லை. சிறிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய தகடு) கொண்ட கண்டென்சர் மைக் ஒரு ஜோடி (பெஹ்ரிங்கர் சி-2, ரோட் எம்5 மாதிரி), மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும், இரண்டு மைக் செருகக்கூடிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், லேப்டாப், காதை மூடும் ஹெட்ஃபோன், உயரமான ஸ்டாண்டு. மென்பொருளுக்கு ரீப்பரோ ஆடாசிட்டியோ போதும். இவற்றை வைத்துக்கொண்டு 12 முதல் 20 பேர் பாடும் ஒரு தேவாலயக் குழுவைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். பாமாலை என்றால் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல். கீர்த்தனை என்றால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மெட்டு. பஜனைக் குழுவுக்கும் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவுக்கும் கீழே வருவதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

பதிவைக் கேட்டதும் ஏதோ சரியில்லை என்று பட்டால் உடனே ஈக்வலைசரை (ஒலியின் மேல், அடிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திறக்காதீர்கள். குழுப் பதிவில் வரும் குறைகள் பெரும்பாலும் ஆட்களும் மைக்கும் நிற்கும் இடத்தில்தான் பிறக்கின்றன. அங்கேயே தீர்த்தால் பத்து நிமிட வேலை. மிக்ஸிங்கில் தீர்க்கப் பார்த்தால் பல குறைகள் தீரவே தீராது. எந்தக் குறை என்று கண்டுபிடித்து, அதற்கான சோதனையைச் செய்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கேளுங்கள்.

## மைக்கில் சத்தமே வரவில்லை

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். இன்டர்ஃபேஸில் அதற்கான பொத்தான் அழுத்தியிருக்கிறதா பாருங்கள். அழுத்தியும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். அப்புறம் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். மலிவான ஹப்பில் மின்சாரம் போதாமல் போவது சகஜம்.

## பின்னால் ஒரு முனகல், அல்லது 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் கேட்கும் தாழ்ந்த முனகல் பெரும்பாலும் அதுவும் அதன் மடங்குகளும்தான். முதல் சோதனை: லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர். பதிவு முடியும் வரை பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம். நிற்கவில்லையா? ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், பழைய சோக் வைத்த டியூப் லைட், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரெகுலேட்டரை நடுவில் வைத்திருக்கும்போதுதான் அதிகம் இரையும். ஃபேனை முழுதாக அணைத்தால் அந்த இரைச்சல் போய்விடும்.

தேவாலயத்து மிக்சரிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ ஒரு கேபிளை இன்டர்ஃபேஸுக்கு இழுத்ததும் முனகல் தொடங்கினால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வது. இடையில் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (இணைப்புப் பெட்டி) ஒன்று வைத்தால் தீரும். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பின் உயிரைக் காக்க இருக்கிறது.

திடீரென 'டிக் டிக் டிர்ர்' என்று வந்து போனால் யாரோ ஒருவர் பையில் செல்போன். எல்லோரும் ஏர்ப்ளேன் மோடுக்குப் போட வேண்டும்.

ஃபேன் பற்றி இன்னொன்று. காற்றுச் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை. சுழலும் இறக்கையில் பட்டுத் திரும்பும் குரல் லேசாக நடுங்கிக் கேட்கும், நீட்டிப் பாடும் சுரங்களில் அது தெளிவாகத் தெரியும். இதை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. டேக்கின்போது (பதிவு ஓடும்போது) ஃபேன் நிற்க வேண்டும், டேக்குகளுக்கு நடுவில் ஓட வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு பாட்டுக்கு ஒரு முறையாவது ஃபேன் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். வியர்த்து வழியும் குழு சுருதியில் நிற்காது.

## உச்சத்தில் குரல் கிழிகிறது

ஒத்திகையில் மீட்டர் பச்சையில் இருந்தது, டேக்கில் சிவப்பைத் தொட்டது. இது எப்போதும் நடப்பதுதான். பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததும் குழு சில டெசிபெல் கூட்டித்தான் பாடும். அதனால் முதல் சரணத்தை வைத்து அளவு பார்க்காதீர்கள். பாட்டிலேயே சத்தம் அதிகமான இடத்தை, பெரும்பாலும் கடைசிப் பல்லவியை, முழுக் குரலில் பாடச் சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி கெயினை (மைக் ஒலியை இன்டர்ஃபேஸ் பெருக்கும் அளவு) வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் அளவு குறைவாக இருப்பதால் எந்த இழப்பும் இல்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது.

கெயினை முழுதாகக் குறைத்தும் கிழிகிறது என்றால் மைக்கோ அதன் முன்பெருக்கியோ தாங்கவில்லை. நாதஸ்வரம், தவில் பதிவில் இது அடிக்கடி வரும். மைக்கில் ஒலியை 10 டெசிபெல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மைக்கைப் பின்னால் தள்ளுங்கள். நாதஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த அடிமுனை) நேர் எதிரே மைக்கை வைக்கவே கூடாது. பக்கவாட்டில், சற்று உயரத்தில் வைத்தால் விரல் துளைகளிலிருந்து வரும் நாதமும் சேர்ந்து கிடைக்கும்.

## கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை

அதிகம் வரும் குறை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

மைக்குக்கு இரண்டு வகை ஒலி வருகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக வருவது. மற்றொன்று சுவர், கூரை, தரையில் பட்டுத் திரும்பி வருவது. நேர் ஒலி, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். திரும்பி வரும் ஒலியோ அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். ஆக மைக்கைப் பின்னால் நகர்த்த நகர்த்தக் குரல் தேய்ந்து அறை மட்டும் மிஞ்சுகிறது. நம் காது கூட்டத்திலும் ஒருவர் பேச்சைப் பிரித்தெடுக்கும், மைக்குக்கு அந்தத் திறமை இல்லை. அதனால் நேரில் நன்றாகக் கேட்ட இடத்திலேயே மைக்கை வைத்தால் பதிவில் எதிரொலிதான் அதிகமாக இருக்கும்.

சோதனை எளிது. குழுவை இரண்டு வரிசையாக, லேசான வளைவில் நிறுத்துங்கள். பின்வரிசைக்கு பெஞ்ச் இருந்தால் நல்லது. மைக் ஜோடியைத் தரையிலிருந்து 8 அல்லது 9 அடி உயரத்தில், பின்வரிசையின் முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். முன்வரிசையிலிருந்து 10 அடி, 8 அடி, 6 அடி, 4 அடி என ஒவ்வொரு தூரத்திலும் ஒரே சரணத்தைப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது "எட்டு அடி" என்று வாயாலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் குழம்பாது. எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். வார்த்தை தெளிவாகவும் குழு ஒன்றாகவும் கேட்கும் இடம் ஒன்று இருக்கும். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய ஆலயங்களில் அது பெரும்பாலும் 5, 6 அடிக்குள் விழும். அதைவிட நெருங்கினால் முன்வரிசை ஆட்களை எண்ணி விடலாம், குழு உடைந்துவிடும்.

மைக்கை ஏன் இவ்வளவு உயர்த்த வேண்டும்? மார்பளவில் வைத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் தூர வித்தியாசம் அதிகம். உயர்த்தினால் அந்த வித்தியாசம் சுருங்குகிறது. ஆனால் உயர்த்திய ஸ்டாண்டு சாய்ந்தால் மைக்கும் போகும், கீழே நிற்கும் பிள்ளைக்கும் அடிபடும். அடிக்காலில் மணல் பை ஒன்று கட்டாயம்.

தூரத்தைக் குறைக்கும்போது எதிரொலியோடு 'ஸ்ஸ்' என்ற மைக் இரைச்சலும் குறையும், ஏனென்றால் கெயினை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. அதையும் மீறி மிஞ்சினால், யாரும் அசையாத பத்து விநாடி மௌனத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பில் அதை மாதிரியாகக் கொடுங்கள். 6 டெசிபெலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரலின் ஓரம் கரைந்து தண்ணீருக்குள் கேட்பது போலாகும்.

## வீட்டு அறையில் பேஸ் குரலின் ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்குகிறது

அறை பத்துக்குப் பத்தா? கூரையும் பத்தடியா? அப்படியென்றால் இது நடந்தே தீரும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால் 57 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் குவியும். அடுத்த மடங்கு 114 ஹெர்ட்ஸ். பேஸ் பாடுபவர் அடிக்கடி தொடும் ஏ, ஏ ஷார்ப் சுரங்களுக்கு நடுவே விழுகிறது. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை முழங்கும்.

மைக்கை அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் வைக்காதீர்கள். பேஸ் பாடுபவர்களை மூலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். மூலைகளில் மெத்தையைச் செங்குத்தாக நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சு இந்த வீக்கத்துக்கு எதுவும் செய்யாது. அது மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அடி ஒலியை அப்படியே விட்டுவிடும், அறை இன்னும் மந்தமாகிவிடும். வழி இருந்தால் வேறு அறைக்கோ ஹாலுக்கோ போங்கள். இரவு 9 மணிக்கு மேல் ஆலயத்தில் அனுமதி கிடைத்தால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது இன்னும் நல்லது.

குரல் குழாய்க்குள் பேசுவது போல் உள்ளீடற்றுக் கேட்டால், மைக் கான்கிரீட் கூரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கூரையில் பட்ட ஒலி இரண்டு மூன்று மில்லி விநாடி தாமதமாக வந்து நேர் ஒலியோடு மோதி, சில அதிர்வெண்களை அழித்துவிடும். வீட்டில் 8 அடி உயர விதியை மறந்துவிட்டு மைக்கை ஆறடிக்கு இறக்குங்கள், மேலே கொடி கட்டித் தடித்த போர்வை ஒன்றைக் கூரையாக விரியுங்கள். டைல்ஸ் தரையில் பாயும் ஜமுக்காளமும்.

இப்படி எல்லாம் செய்து அறை ஒரேயடியாக வறண்டுவிட்டால் கவலை வேண்டாம். ரீப்பரோடு வரும் ரியாவெர்ப் மாதிரி எதிரொலிக் கருவி ஒன்றில் இரண்டு விநாடி எதிரொலியை மெதுவாகச் சேர்க்கலாம். எதிரொலியைச் சேர்க்க முடியும், எடுக்கத்தான் முடியாது.

## ஒரே ஒருவர் குரல் தனியாகத் துருத்துகிறது

ஹெட்ஃபோனில் கேட்டு அந்தக் குரல் இடமா, வலமா, நடுவா என்று பாருங்கள். நிற்கும் வரிசையை ஏற்கனவே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

அவரிடம் "கொஞ்சம் குறைத்துப் பாடுங்க" என்று சொல்வது மிக மோசமான தீர்வு. குறைத்துப் பாட முயல்பவருக்கு மூச்சுத் தாங்கல் போகும், சுருதி இறங்கும், மனமும் நோகும். பலமான குரல் குழுவுக்குச் சொத்து; அதை அணைக்காமல் இடத்தை மாற்றுங்கள். மைக்கிலிருந்து 5 அடியில் நிற்பவரை 8 அடிக்கு அனுப்பினால் 4 டெசிபெல் குறைகிறது. நடு வரிசையிலிருந்து ஓரத்துக்குப் போனால் மைக்கின் நேர்ப்பார்வையிலிருந்தும் விலகுகிறார், இன்னும் கொஞ்சம் குறையும்.

நம் குழுக்களில் மூத்தவர்கள் முன்வரிசை நடுவில் நிற்பது வழக்கம், பல ஆண்டுகள் பாடிப் பலப்பட்ட குரலும் அவர்களுடையதுதான். "ஐயா, நீங்க பின்னால நின்னா பிள்ளைங்க உங்களைக் கேட்டுப் பாடுவாங்க" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பின்வரிசையிலிருந்து வரும் உறுதியான குரல் முன்னால் நிற்கும் புதியவர்களின் சுருதியைப் பிடித்து நிறுத்தும்.

பேஸில் மூன்று பேர், சொப்ரானோவில் ஒன்பது பேர் என்று இருந்தால் எல்லோரையும் குரல் வாரியாகக் கட்டம் கட்டி நிறுத்த வேண்டியதில்லை. ஆண்களை நடுவில், முன்வரிசையிலேயே நிறுத்துங்கள். பேஸுக்குத் தனி மைக் வைப்பது கடைசி வழி. வைத்தால், அந்த மைக் பேஸுக்கு எவ்வளவு தூரமோ அதைப்போல் மூன்று மடங்காவது முதன்மை ஜோடியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

## இரண்டு பக்கமும் கேட்கிறது, நடுவில் ஓட்டை. செல்போனில் போட்டால் குரலே மெலிகிறது

மைக்குகளை ஆறேழு அடி இடைவெளியில் வைத்தால் இதுதான் கிடைக்கும். இரண்டையும் ஒரே ஸ்டாண்டில், தலைகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், வெளிப்பக்கமாக 110 பாகை விரித்து வையுங்கள். பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரால் ஓஆர்டிஎஃப் என்று சொல்லப்படும் முறை இது. கார்டியாய்டு (முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும்) மைக் ஜோடிக்கு இதைவிட நம்பகமான தொடக்கம் எனக்குத் தெரியாது. அளவை ஒரு அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் தேட வேண்டியதில்லை.

கேட்பவர்களில் பலர் வாட்ஸ்அப்பில், செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அதனால் டேக் எடுத்த உடனே, குழு கலைவதற்கு முன், இரண்டு தடத்தையும் மோனோவாக்கிக் கேளுங்கள். குரல் மெலிந்தால் மைக் தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, 90 பாகை விரித்து, எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றுங்கள். அகலம் கொஞ்சம் குறையும், மோனோவில் எதுவும் தொலையாது. ஸூம் எச்1என் மாதிரி கைப்பதிவுக் கருவிகளில் இந்த அமைப்பு கட்டியே வருகிறது.

## பாட்டு முடியும்போது சுருதி இறங்கியிருக்கிறது

கடைசிச் சுரத்தோடு கீபோர்டில் ஆதார சுருதியை வாசித்துப் பாருங்கள். துணைக்கருவி இல்லாமல் நான்கு சரணம் பாடும் குழு கால் சுரம், அரைச் சுரம் இறங்குவது மிக இயல்பு. களைப்பு, வெக்கை, உட்கார்ந்து பாடுவது, மெதுவான தாளம் எல்லாம் காரணம். எழுந்து நிற்கச் சொல்லுங்கள், தாளத்தை ஒரு இழை கூட்டுங்கள். ஆதார சுருதியை அரைச் சுரம் உயர்த்திப் பார்ப்பதும் பல குழுக்களில் வேலை செய்யும், ஏனென்றால் குரல் வேறு இடத்தில் உட்காரும். ஒவ்வொரு சரணத்துக்கும் முன் சுருதிப்பெட்டியையோ தம்புரா செயலியையோ ஒலிக்கவிட்டு நிறுத்தி, சரணம் சரணமாகப் பதிவு செய்து மூச்சு எடுக்கும் இடத்தில் ஒட்டுவது நேர்மையான வழி.

ஏற்கனவே பதிவான கீபோர்டுக்கு மேல் பாடுகிறார்கள் என்றால், 16 பேருக்கும் ஹெட்ஃபோன் மாட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்காத குழு குழுவாகவே இருக்காது. நடத்துனருக்கு மட்டும், அதுவும் ஒரு காதில் போதும். எல்லோருக்கும் கேட்டே ஆக வேண்டும் என்றால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மைக்கின் முதுகுக்கு நேர் பின்னால், குழுவைப் பார்த்து, குறைந்த சத்தத்தில் வையுங்கள். கார்டியாய்டு மைக் அந்தப் பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். டேக் முடிந்ததும் யாரும் இடம் மாறாமல், வாய் திறக்காமல் நிற்க, அதே கீபோர்டை அதே சத்தத்தில் இன்னொரு முறை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். மிக்ஸிங்கில் அந்தத் தடத்தின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ்) திருப்பி முதல் தடத்தோடு நேராகச் சேர்த்தால், மைக்கில் கசிந்த கீபோர்டு ஒலியின் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும்.

பின்வரிசை ஒரு நூலிழை பிந்துகிறதா? ஒலி ஓர் அடியைக் கடக்கவே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். காதால் கேட்டுப் பின்தொடர்ந்தால் பிந்தத்தான் செய்யும். நடத்துனரின் கையைப் பார்த்துப் பாட வேண்டும். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கையை எப்படிப் பார்ப்பது? வரிகளை மனப்பாடம் செய்த குழுவின் பதிவு தனியாகவே தெரியும்.

## 'ஸ்தோத்திரம்' என்றால் பாம்பு சீறுகிறது

பதினாறு பேரின் 'ஸ்' பதினாறு நொடித்துளிகளில் வந்து விழுகிறது. 'ஸ்' ஒலியைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் கருவி இதைக் கொஞ்சம் மழுக்கும், ஒன்றாக்காது. ஒவ்வொரு குரலிலும் ஒருவரோ இருவரோ மட்டும் 'ஸ்' சொல்லட்டும், மற்றவர்கள் 'தோத்திரம்' என்று தொடங்கட்டும். கேட்பவருக்கு முழுச் சொல்லும் சுத்தமாகக் கேட்கும். 'கிறிஸ்து'வுக்கும் இதேதான்.

இதற்கு எதிர்ப்புறக் குறை ஒன்றும் உண்டு: வரியின் முடிவில் குரல் திடீரென்று மங்குவது. 'ஆமென்' என்பதில் 'ன்'னுக்கு அவசரமாகப் போய்விடுகிறார்கள், வாய் அடைத்ததும் சத்தம் விழுகிறது. 'மெ'வின் உயிர் ஒலியை முழு நீளத்துக்கும் பிடித்து, நடத்துனரின் கை மூடும்போது மட்டும் 'ன்' வைக்கச் சொல்லுங்கள்.

## எட்டுப் பேரை மூன்று முறை பாடவைத்தும் இருபத்து நாலு பேராகக் கேட்கவில்லை

ஒரே இடத்தில் நின்று, அதே மைக்குக்குப் பாடினால் அறையின் அதே குணமும் அதே மூக்கொலியும் மூன்று மடங்காகும், கூட்டம் பெருகாது. இரண்டாம் முறைக்கு எல்லோரும் இடம் மாறட்டும், மைக்கை இரண்டடி பின்னால் தள்ளுங்கள். மூன்றாம் முறைக்கு இன்னொரு மாற்றம். முதல் தடம் முன்னால் இருக்கட்டும், மற்ற இரண்டும் 6 டெசிபெல் கீழே. பின்னால் சேர்க்கும் தடங்களில் 'ஸ்', வரி முடிவின் 'த்', 'ட்' எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாடச் சொன்னால் ஓரங்கள் சிதறாது.

## இரண்டு கருவியில் பதிந்தது போகப் போக விலகுகிறது

ஒரு பக்கம் லேப்டாப், இன்னொரு பக்கம் கைப்பதிவுக் கருவி என்றால் இரண்டின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றல்ல. பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டல் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தைப் பொருத்தி, முடிவில் தெரியும் வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு தடத்தை நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யலாம். இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற அளவு) இருக்கின்றனவா என்று முன்னதாகவே பாருங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் மற்ற பாட்டுகளை விடச் சத்தம் குறைவு

குழுப் பாட்டில் மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் இருக்கத்தான் வேண்டும். கம்ப்ரசரை (ஓங்கிய இடங்களை அமுக்கி வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி) போட்டு அமுக்கினால் முதலில் மேலே எழுவது எதிரொலியும் மூச்சுச் சத்தமும்தான். மெல்லிய சரணத்தின் வால்யூமைக் கையாலேயே இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றுங்கள், கடைசியில் லிமிட்டர் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) உச்சங்களை மட்டும் இரண்டு டெசிபெல் தொடட்டும். யூட்யூப் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் உள்ளதை எப்படியும் இறக்கிவிடும். மைனஸ் 18 பக்கம் நின்றாலும் அப்படியே விடுங்கள், கேட்பவர் வால்யூமை ஏற்றிக்கொள்வார்.